எம்எஃப்ஏ முடிவு வரும்வரை என்ன செய்வது? சில வழிகள், ஓர் ஒப்பீடு

எழுத்து மாதிரியை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்த மறுநாள்தான் அதன் மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை கண்ணில் படும். அமெரிக்காவில் படைப்பெழுத்து எம்எஃப்ஏவுக்கு, அதாவது கதை, கவிதை எழுதுவதற்கான முதுநிலைப் பட்டப்படிப்புக்கு, விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேரிடமாவது இப்படி ஒரு கதை இருக்கும். அதோடு காத்திருப்பு தொடங்குகிறது. கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்துக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையில் வரும். முதல் அழைப்புகள் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ கிளம்பும். மார்ச் நடுவில் ஆரவாரம் அடங்கும். வெயிட்லிஸ்டில் சிக்கியவர்களுக்கு ஏப்ரல் 15 வரை, சில சமயம் அதற்கு அப்புறமும் இழுக்கும்.

நான் இதை இரண்டு முறை கடந்திருக்கிறேன். முதல் முறை ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பித்தேன், ஒன்பதும் இல்லை என்றன. இரண்டாம் முறை ஏழு. ஒரு வெயிட்லிஸ்ட், ஓர் இடம், மற்றவை மறுப்பு. முதல் முறை எல்லாரும் செய்வதையெல்லாம் செய்தேன், இரண்டாம் முறை பலதை மாற்றிக்கொண்டேன். அந்த அனுபவத்தில்தான் இங்கே ஒப்பிடுகிறேன். இரண்டாம் முறை இடம் கிடைத்துவிட்டதால் அந்த வழிகள் எல்லாம் இப்போது எனக்கு அழகாகத் தெரியலாம். அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பின்தொடர்வதா, மூடிவைப்பதா

பின்தொடர்வது என்றால் தெரிந்ததுதான். கிராட்கஃபே போன்ற இணையதளங்களில் யாருக்கு எந்தத் தேதியில் என்ன முடிவு வந்தது என்று விண்ணப்பித்தவர்களே பதிவிடுவார்கள். அதைப் பார்ப்பது, போன ஆண்டுத் தேதிகளோடு ஒப்பிடுவது, ஒரு விரிதாளில் நிறம் பூசி வைப்பது, நடுநடுவே பல்கலைக்கழகப் போர்ட்டலில் நுழைந்து ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வரியை வாசித்துவிட்டு வருவது. முதல் ஆண்டு ஒரு நாளில் எத்தனை முறை நுழைந்தேன் என்று எண்ணவில்லை. எண்ணாததே நல்லது.

இதில் கிடைக்கும் தகவல் எவ்வளவு என்று கேட்டால், கொஞ்சம் உண்டு. ஒரு துறை இந்த வாரம் அசையத் தொடங்கிவிட்டதா என்பது தெரியும். உங்கள் கதி தெரியாது. முதல் காரணம், கவிதையும் புனைகதையும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் அவற்றுக்கான மாதிரிகளைப் பெரும்பாலும் வெவ்வேறு ஆசிரியர்கள் படிக்கிறார்கள். கவிஞர்களுக்குத் திங்கட்கிழமை போன் வந்துவிட்டது என்பதற்காகக் கதைக்காரர்களின் பட்டியலும் முடிந்துவிட்டது என்று பொருளில்லை. அடுத்து, எண்ணிக்கை சிறியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆண்டுக்குச் சேர்க்கப்படுபவர்கள் நான்கு கவிஞர்கள், நான்கு கதைக்காரர்கள், அவ்வளவுதான். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மிச்னர் மையத்தில் எல்லாப் பிரிவும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். இவ்வளவு சிறிய குழுவில் ஒரு பேராசிரியருக்குக் காய்ச்சல் வந்தால் போதும், போன ஆண்டுத் தேதியை வைத்துப் போட்ட கணக்கு காலி.

மூன்றாவது காரணம்தான் பலருக்குத் தெரியாமல் போகிறது. தேர்ந்தெடுப்பது துறை, முறைப்படி அறிவிப்பது பெரும்பாலும் முதுநிலைப் பள்ளி, அதாவது பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்புகளை நிர்வகிக்கும் அலுவலகம். துறை இயக்குநர் முதலில் தொலைபேசியில் அழைத்தோ மின்னஞ்சல் எழுதியோ நல்ல செய்தியைச் சொல்லிவிடுவார். போர்ட்டலில் நிலை மாறுவதற்குச் சில வாரங்கள் கூட ஆகலாம். மறுப்புகள் அந்த அலுவலகத்திலிருந்து பிறகு மொத்தமாக வரும். நடுவில், பெயர் சொல்லாத ஒரு வெயிட்லிஸ்டும் இருக்கக்கூடும்: முதலில் அழைக்கப்பட்டவர் வேறு இடத்துக்குப் போனால் உங்களை அழைக்கலாம் என்று வைத்திருப்பார்கள், ஆனால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். எனவே மௌனத்துக்கு அர்த்தம் கற்பிப்பது வீண்வேலை. அதே மௌனம் மறுப்பாகவும் இருக்கலாம், இன்னும் படித்து முடிக்காததாகவும் இருக்கலாம்.

அப்படியானால் ஏன் விட முடிவதில்லை? உளவியலாளர் ஸ்கின்னர் சோதனைக்கு வைத்திருந்த புறாக்கள் நினைவுக்கு வருகின்றன. எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் அவை விடாமல் கொத்தின. போர்ட்டலும் அப்படித்தான், தீனி விழும் நாள் தெரியாத பெட்டி.

சரி, முழுசாக மூடிவிடலாமா? அதையும் பரிந்துரைக்க மாட்டேன். பரிந்துரைக் கடிதம் ஒன்று வந்து சேரவில்லை, மதிப்பெண் சான்று தெளிவாக இல்லை என்றெல்லாம் ஜனவரியில் மின்னஞ்சல் வரும். அதைத் தவறவிட்டால் உங்கள் விண்ணப்பம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். சில இடங்களில் பேசுவதற்கு நேரம் கேட்டு எழுதுவார்கள், அது ஸ்பேம் ஃபோல்டரில் போய் விழும். ‘மார்ச் வரை எதையும் திறக்கமாட்டேன்’ என்று சபதம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையும் உண்டு, பயமும் உண்டு.

இரண்டாம் ஆண்டு நான் செய்தது மிகச் சாதாரணமானது. விண்ணப்பித்த ஏழு பல்கலைக்கழகங்களின் முகவரிகளிலிருந்து வரும் அஞ்சலுக்கு மட்டும் தனி ஒலி வைத்தேன். போர்ட்டலுக்கு வாரத்தில் இரண்டு நாள். ஸ்பேம் ஃபோல்டருக்கும் அதே இரண்டு நாள். மற்றவர்களின் முடிவுகளைப் பார்ப்பதை அறவே நிறுத்தினேன். செய்தி இருந்தால் அது என்னைத் தேடி வரும், நான் போய்த் தேட வேண்டியதில்லை என்ற ஏற்பாடு. பின்தொடர்வதால் கிடைக்கும் தகவலில் பயனுள்ள பகுதி முழுவதும் இதிலேயே கிடைத்துவிட்டது. தொலைபேசிக்கு மட்டும் வழி தெரியவில்லை. தெரியாத எண் எதுவானாலும் எடுத்தேன். அந்த இரண்டு மாதமும் கடன் அட்டை விற்க அழைத்தவர்களுக்கு என்னிடம் கிடைத்த மரியாதை வேறு யாரிடமும் கிடைத்திருக்காது.

எழுதுவதா, வேறு வேலையா

‘காத்திருக்கும்போது புதிதாக எழுது’ என்பதுதான் எல்லாரும் சொல்லும் அறிவுரை. எனக்கு அது பலிக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதும்போது, நான் பார்த்திராத ஒரு தேர்வுக்குழு தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. ‘இது மாதிரியில் கொடுத்ததைவிட நன்றாக இருக்கிறதே, இதை அனுப்பியிருக்கலாமே’ என்று ஒரு நாள். ‘இதைவிடவா மோசமாக எழுதுவாய்’ என்று மறுநாள். இரண்டுமே எழுத விடாது.

காத்திருத்தலை ஆராய்ந்தவர் என்று ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கேட் ஸ்வீனியைச் சொல்லலாம். மூழ்கிப்போக வைக்கும் வேலை, அதாவது நேரம் போவதே தெரியாமல் செய்யும் வேலை, காத்திருப்பவர்களின் மனநிலைக்கு உதவுகிறது என்று அவரும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியான ஒரு கட்டுரையில் காட்டினார்கள். மூழ்குவதற்கு வேலை கொஞ்சம் கடினமாக இருக்க வேண்டும், ஆனால் அடுத்து என்ன செய்வது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். புதிய நாவலின் முதல் அத்தியாயத்தில் முதலாவது ஏராளமாக உண்டு, இரண்டாவது கிடையவே கிடையாது.

எனவே நான் மொழிபெயர்ப்புக்குப் போனேன். மூலம் முன்னால் இருக்கிறது. அடுத்த வாக்கியம் எது என்ற கேள்வியே எழாது, அதை எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. ஒரு வினைச்சொல்லுக்காக முக்கால் மணி நேரம் போய்விடும், போர்ட்டல் ஞாபகம் வராது. பழைய கதை ஒன்றை வரி வரியாகத் திருத்துவதும் கிட்டத்தட்ட இதே பலனைத் தரும். வாசிப்பு எனக்கு மூன்றாம் இடம்தான், பக்கத்தில் கண் இருக்கும்போதே மனம் நழுவிவிடும். கெடு வைத்து யாராவது கேட்டால் மட்டும் எழுத வருகிறவர் என்றால், உங்களுக்குப் புதிய எழுத்தே சரியாக வரலாம்.

அனுப்பிய மாதிரியை மட்டும் திரும்பப் படிக்காதீர்கள். மாற்ற முடியாத ஒன்றில் பிழை தேடி என்ன ஆகப் போகிறது.

கிடைக்கும் என்று நம்புவதா, கிடைக்காது என்று தயாராவதா

இங்கே எனக்கு ஒரு ஆச்சரியம். ஸ்வீனியும் குழுவும் கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். நம்பிக்கையோடு இருக்க முயல்வது, நினைக்காமல் இருக்க முயல்வது என்று அவர்கள் கையாண்ட உத்திகள் பெரும்பாலும் பதற்றத்தைக் குறைக்கவில்லை. ஆனால் காத்திருந்தபோது அதிகம் தவித்தவர்கள், மோசமான முடிவு வந்தபோது அதை உருப்படியாக எதிர்கொண்டார்கள். நல்ல முடிவு வந்தவர்களில் அப்படித் தவித்திருந்தவர்கள் அதிகமாக மகிழ்ந்தார்கள். அமைதியாகக் காத்திருந்தவர்களுக்குத்தான் கெட்ட செய்தி இடியாக விழுந்தது.

என் இரண்டு ஆண்டுகளோடு இதை ஒட்டிப் பார்க்கிறேன். முதல் ஆண்டு டிசம்பரிலேயே ‘எனக்குக் கிடைக்காது’ என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உள்ளுக்குள் நம்பவில்லை, அது வெறும் கண்ணேறு கழிப்பு. ஆகவே அடி விழுந்தபோது முழுசாக விழுந்தது. இரண்டாம் ஆண்டு பிப்ரவரி வரை நம்பிக்கையை அதன் போக்கில் விட்டுவிட்டு, மார்ச் தொடங்கியதும் உண்மையாகவே ‘இல்லை’ என்பதற்குத் தயாரானேன். அவநம்பிக்கை தேவைப்படுவது கடைசிச் சில நாட்களுக்குத்தான். மூன்று மாதம் சுமக்க அது பெரிய பாரம்.

சொல்வதா, ரகசியமா

சுருக்கமாக: இரண்டு பேரிடம் சொல்லுங்கள். ஒருவர் எழுதுகிறவராகவும் மற்றவர் எழுத்தோடு சம்பந்தமே இல்லாதவராகவும் இருந்தால் நல்லது. பத்துப் பேரிடம் சொன்னால் ‘ஏதாவது தெரிந்ததா?’ என்று பத்துப் பேர் கேட்பார்கள், பத்துப் பேருக்கும் நீங்கள் ஆறுதல் சொல்ல வேண்டிவரும். யாரிடமும் சொல்லாவிட்டால் மறுப்பு வந்த அன்று முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

அவர்கள் முடிவுக்குக் காத்திருப்பதா, நம் முடிவுகளை எடுத்துவைப்பதா

மேலே சொன்ன எதைவிடவும் எனக்கு உதவியது இதுதான். காத்திருப்பில் வதைப்பது தாமதம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. எல்லா முடிவும் இன்னொருவர் கையில் இருக்கிறதே என்ற உணர்வுதான் உள்ளே அரிக்கிறது. ஆனால் நம் கையிலும் பல முடிவுகள் இருக்கின்றன. அவற்றை ஏப்ரலில் அவசரத்தில் எடுக்கிறோம் அல்லது எடுக்காமலே விட்டுவிடுகிறோம். அவற்றைப் பிப்ரவரிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

முதலாவது பணம். முழு நிதியுதவி என்று சொல்லும் இடங்களில் பொதுவாகக் கல்விக்கட்டணம் கிடையாது, அதோடு உதவித்தொகையும் உண்டு. பதிலுக்கு, பல இடங்களில் இளநிலை மாணவர்களுக்குக் கட்டுரைப் பாடம் எடுக்க வேண்டும். வேறு சில இடங்களில் அனுமதி மட்டும் கிடைக்கும், பணம் கிடைக்காது, கடன் வாங்க வேண்டும். நிதியில்லாமல் அழைத்தால் போவேனா? இதற்கான பதிலை, அழைப்பு வந்து மனம் மிதக்கும் நாளில் எடுப்பதற்கும், எதுவுமே வராத ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் எடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நான் ‘போகமாட்டேன்’ என்று ஒரு காகிதத்தில் எழுதித் தேதியும் போட்டேன்.

அடுத்து, அவகாசம். அமெரிக்க முதுநிலைப் பள்ளிகள் கவுன்சிலின் தீர்மானம் ஒன்று இருக்கிறது. நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்கக்கூடாது என்பது அதன் சாரம். ஏராளமான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருந்தாலும் அது சட்டமில்லை. உங்கள் பட்டியலில் உள்ளவை ஒப்புக்கொண்டவையா என்று இப்போதே பார்த்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்து வைத்திருந்தால் ‘இரண்டு நாளில் சொல்லுங்கள்’ என்று யாராவது கேட்கும்போது கை நடுங்காது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்துக்கு நிதி ஆவணங்கள் கேட்பார்கள், அதன் பிறகுதான் எஃப்-1 என்ற மாணவர் விசா. வெயிட்லிஸ்டிலிருந்து ஏப்ரல் கடைசியில் அழைத்தால் நேரம் மிகக் குறைவு. அந்தத் தாள்களைப் பிப்ரவரியில் சேர்த்து வைப்பது போர்ட்டலைத் திறந்து மூடுவதைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம், எங்கும் கிடைக்காத ஆண்டு. அதற்கும் ஒரு திட்டம் எழுதினேன். மறுபடி விண்ணப்பிப்பதா, எத்தனை இடம்? ஒரு விண்ணப்பத்துக்கு 50 முதல் 100 டாலர் வரை கட்டணம் சாதாரணம் என்பதால் ‘எத்தனை’ என்பது சின்னக் கேள்வி இல்லை. குறைந்த நாள் வளாகத்தில் தங்கிப் படிக்கும் எம்எஃப்ஏ எனக்குச் சரிப்படுமா? ஆண்டுக்கு இரண்டு முறை பத்து நாள் போல வளாகத்துக்குப் போய்விட்டு, மீதி நாட்களில் வீட்டிலிருந்தபடியே ஓர் ஆசிரியரோடு தபாலிலோ இணையத்திலோ எழுத்தைப் பரிமாறிக்கொள்ளும் முறை அது. 1976இல் காடர்ட் கல்லூரியில் தொடங்கியது. பல இடங்களில் ஆண்டுக்கு இருமுறை சேர்க்கிறார்கள், ஆனால் முழு நிதியுதவி அங்கே அபூர்வம். வேலையை விடமுடியாதவர்களுக்கு அது இரண்டாம்தர வழி என்று சொல்லவே மாட்டேன். எனக்குப் பணம் ஒத்துவரவில்லை, அதையும் எழுதினேன்.

கடைசியாக, அழைப்பு வந்தால் கேட்க வேண்டிய கேள்விகள். வாரத்துக்கு எத்தனை வகுப்பு எடுக்க வேண்டும், மருத்துவக் காப்பீடு உண்டா, இரண்டாம் ஆண்டும் அதே தொகையா, கோடையில் உதவித்தொகை உண்டா. இவ்வளவையும் எழுதி முடித்தபோது காகிதத்தின் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தன. அதை மேசை விளக்கின் அடியில் வைத்தேன்.

மார்ச் இரண்டாம் வாரம், தெரியாத எண். எடுத்தேன். கடன் அட்டைக்காரருக்கான மரியாதையோடு ‘சொல்லுங்கள்’ என்றேன். பேசியது ஒரு துறை இயக்குநர். காகிதத்தைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில்களைக் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி வைத்தேன். பிறகு பார்த்தால் கோடைகாலக் கேள்வியை மட்டும் விட்டிருந்தேன். கோடையில் உதவித்தொகை கிடையாது என்பது அடுத்த மே மாதம்தான் தெரிந்தது.