குமரியிலிருந்து விளிம்புக் கேலக்சிகள்: எதைத் தேடலாம்?

சுருள் கேலக்சி என்றதும் சக்கரப் படம்தான் மனதில் வரும். ஆனால் சில கேலக்சிகள் நமக்கு விளிம்பை மட்டுமே காட்டுகின்றன. நடு உப்பி ஓரம் மெலிந்த ஆப்பத்தைக் கண் மட்டத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி. 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வைத்திருக்கும் குமரி மாவட்டத்துக்காரர் இவற்றில் எதைத் தேடுவது?

என்ஜிசி 891-ஐ (என்ஜிசி என்பது ஒரு விண்பொருள் பட்டியலின் சுருக்கப் பெயர்) முதலிலேயே கழித்துவிடலாம். வில்லியம் ஹெர்ஷல் 1784-ல் கண்டது. படத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் அது உச்சிக்கு வருவதே ஐப்பசி, கார்த்திகையில். அப்போது நமக்கு வடகிழக்குப் பருவமழை. போதாததற்கு ஆள் ரொம்ப மங்கல்.

மற்ற மூன்றும் (சோம்பரேரோ, என்ஜிசி 4565, என்ஜிசி 4945) ஒரே பருவம்: மாசியில் பின்னிரவு, சித்திரை பிறக்கையில் நள்ளிரவை ஒட்டி.

புதிதாகப் பார்ப்பவருக்கு சோம்பரேரோ (எம் 104) போதும். அஸ்தம், சித்திரை நட்சத்திரங்களுக்கு இடையில் துழாவினால் சிக்கிவிடும். ஒளி அளவு 8 (எண் கூடக் கூட மங்கல்), தூரம் சுமார் 3 கோடி ஒளியாண்டு. முழு விளிம்பு இல்லை, 6 டிகிரி சாய்வு. நடு பளிச்சென்று இருப்பதால் நிலா இல்லாத இரவில் ஏமாற்றாது.

'ஊசி' என்ற பெயருக்குப் பொருத்தமானது என்ஜிசி 4565. நிலா விட்டத்தில் பாதி நீளம், மெல்லிய சாம்பல் கீற்று. நம்மூரில் வடக்கே 72 டிகிரி உயரம் ஏறும். நேராக முறைக்காமல் பார்வையைச் சற்று விலக்கினால், கீற்று இரு பக்கமும் நீண்டுகொண்டே போகும். நடுவிலுள்ள தூசிப் பட்டை தெரிய நல்ல இருட்டு வேண்டும்.

என் ஓட்டு என்ஜிசி 4945-க்குத்தான். 1826-ல் ஆஸ்திரேலியாவின் பரமட்டாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் கண்டது. லண்டனில் அது உதிப்பதே இல்லை. டெல்லியில் 12 டிகிரிக்கு மேல் ஏறாது. நமக்கோ தெற்கே 32 டிகிரி, கீழே வெறும் கடல். வடக்கத்தியக் கையேடுகள் இதைக் கண்டுகொள்ளாததில் வியப்பில்லை. நாமும் அவற்றையே புரட்டிக்கொண்டிருப்பதுதான் வியப்பு. ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தைப் பிடித்து, மேற்கே கொஞ்சம் கீழாக 4 டிகிரி நகர்த்துங்கள். சோம்பரேரோ போல நடு மின்னாது. உள்ளே பெருங்கருந்துளை இருந்தும் தூசி மூடிவிடுகிறது. நீளமான, ஒரே சீரான புகைக்கோடு. அழகில் ஊசிதான் ஒரு படி மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊசியை ஐரோப்பியரும் பார்க்கலாம்.

இடம்? முக்கடல் முனை வேண்டாம், விளக்கு வெளிச்சம் அதிகம். 4945-க்குச் சொத்தவிளை மாதிரி கடப்புறம் சரி. உப்புக்காற்று கண்ணாடியில் படியும் என்பதால் பார்த்து முடித்ததும் மூடிவிடுங்கள். ஊசிக்குப் பேச்சிப்பாறைப் பக்கம் தேவலை, யானை நடமாட்டம் உண்டா என்று உள்ளூரில் விசாரித்துவிட்டு.