நட்சத்திர ஆமை இங்கே கிடைக்காது

சென்னை கொளத்தூரில் வரிசையாக இருக்கும் வண்ணமீன் கடைகளில் இதுவும் ஒன்று. முகப்பு குறுகல், உள்ளே நல்ல நீளம். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் இரண்டடித் தொட்டிக்கு ஃபில்டரும் சில கப்பி மீன்களும் வாங்கப் போனேன். தண்ணீர் தெளிவாக இருந்தது; செத்து மிதக்கும் மீன் எந்தத் தொட்டியிலும் இல்லை. விலையும் அக்கம்பக்கத்துக் கடைகளை ஒட்டித்தான். ஆனால் மீனுக்காக மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

கல்லாவுக்கு மேலே ஓர் அட்டை: "நட்சத்திர ஆமை, பால் ஆமை விற்பதில்லை. வாங்கித் தருவதும் இல்லை." எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது வரி. சில கடைகளில் ஆமை கண்ணில் படாது. கேட்டால் மட்டும் குரலைத் தாழ்த்தி, "முன்பணம் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்பார்கள். ஒரு கடையில் என்னிடமே அப்படிச் சொன்னார்கள்.

நான் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு கணவன் மனைவி வந்தார்கள். புதுவீடு கட்டியிருக்கிறார்கள், வாஸ்துவுக்கு உயிருள்ள ஆமை நல்லதாம். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்றுதானே அம்மா நம் பெரியவர்கள் சொன்னார்கள்?" என்று கேட்டார் கடைக்காரர். பிறகு உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நான்காம் அட்டவணையில் இருந்த நட்சத்திர ஆமை, 2022-இல் வந்த திருத்தத்தால் முதல் அட்டவணைக்கு ஏறிவிட்டது. அதாவது புலியும் யானையும் இருக்கும் பட்டியலுக்கு. விற்பவருக்கு மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பவருக்கும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வழியில் கிடைத்தது என்றாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்தாக வேண்டும். ஒரு வியாபாரி தன் வாடிக்கையாளருக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

தன் கைப்பேசியில் ஒரு படத்தையும் காட்டினார். யாரோ ஃபிளாட்டில் வளர்த்து, முடியாமல்போய் இவரிடம் தள்ளிவிடப் பார்த்த ஆமை. இந்த இனத்துக்கு ஓட்டில் மேடுகள் இயல்பாகவே உண்டு. படத்தில் இருந்தது அதுவல்ல. ஓட்டின் ஓரம் மெலிந்து மேல்நோக்கி வளைந்திருந்தது. மேடுகள் ஒழுங்கில்லாமல் கூம்பு கூம்பாகப் புடைத்திருந்தன. வெயில் படாமல், சுண்ணாம்புச் சத்தில்லாமல், சோறும் வெள்ளரிக்காயும் தின்று வளர்ந்தால் அப்படித்தான் ஆகும். முட்புதர்க் காட்டில் புல்லும் உதிர்ந்த பழமும் மேய்ந்து திரியும் உயிர் அது. விலங்கியல் ஆசிரியையான எனக்கே அந்தப் படத்தை அதிக நேரம் பார்க்க முடியவில்லை. கொண்டுவந்தவரைக் கிண்டி வன அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தாராம்.

"ஒரே ஒரு ஆமைதானே" என்று அந்தப் பெண்மணி கேட்டார். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடித்துச் செல்லப்படுவதாகக் கணக்கிட்டது. பெரும்பாலும் குட்டிகள். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் துணி சுற்றிப் பிடிபடுபவையும் இவைதான். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையும் 2019-இல் இதை உச்சப் பாதுகாப்புப் பட்டியலுக்கு மாற்றியது. இதை நான் சொன்னேன். அவர்கள் ஒரு ஜோடி தங்கமீனோடு திரும்பினார்கள்.

இவ்வளவு செய்தவர் வாசலில் நீலத் தொட்டி நிறைய சிவப்புக் காது ஆமைக் குஞ்சுகளை வைத்திருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. அமெரிக்க இனம், நம் காட்டிலிருந்து பிடித்தது இல்லை என்கிறார். உண்மைதான். ஆனால் இன்று நாணயம் அளவில் இருப்பது நாளை சாப்பாட்டுத் தட்டளவு ஆகும். வைத்திருக்க முடியாமல் ஏரியில் விடுவார்கள். உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகள் பட்டியலில் இதுவும் உண்டு. நம் குளத்துப் பால் ஆமையின் இடத்தைத்தான் அது பிடிக்கும். அவரிடமே இதைச் சொன்னேன், இருப்பு தீர்ந்ததும் நிறுத்துவதாகச் சொன்னார்.

ஃபில்டர் நன்றாக ஓடுகிறது. வண்டி நிறுத்த இடமில்லை, ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். இப்போதைக்கு நான்கு நட்சத்திரம். நீலத் தொட்டி காலியானதும் ஐந்தாக மாற்றுகிறேன்.