‘தி பேட்மேன்’: நீளமான படம்தான், ஆனால் வீணான நீளமா?

மேட் ரீவ்ஸ் இயக்கத்தில் 2022 மார்ச் மாதம் வெளிவந்த ‘தி பேட்மேன்’ திரைப்படத்தைப் பற்றி ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போவதில்லை. என் தம்பி பாதியில் எழுந்து போய்விட்டான்; நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். 176 நிமிடங்கள் ஓடும் இப்படம் தேவைக்கு மேல் நீளமானது, திரையில் எதுவுமே தெரியாத அளவுக்கு இருட்டானது, நாயகன் முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை என்பவை பொதுவாகச் சொல்லப்படும் குறைகள். இவற்றில் ஒன்றை ஏற்கிறேன், மற்ற இரண்டையும் ஏற்கவில்லை.

முதலில் இருட்டைப் பற்றி. ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர் இப்படத்தை டிஜிட்டல் கேமராவில் எடுத்து, அதைப் படச்சுருளுக்கு மாற்றி, பிறகு மீண்டும் டிஜிட்டலாக்கியிருக்கிறார். கறுப்பின் ஆழமும் திரையில் தெரியும் சொரசொரப்பும் அப்படிக் கிடைத்தவை. பகல் வெளிச்சம் விழும் கூடத்தில் தொலைக்காட்சியில் பார்த்தால் இவை அனைத்தும் காணாமல் போகும். இருட்டைக் குறை சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எங்கே பார்த்தீர்கள் என்பதைத்தான். இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கேளிக்கை விடுதியின் குறுகிய நடையில், சுடும் துப்பாக்கிகளின் மின்னலைத் தவிர வேறு ஒளியே இல்லாமல் நடக்கும் சண்டைக்காட்சி ஒன்றே அந்தச் சிரமத்துக்குப் போதிய பலன்.

இப்படத்தின் யதார்த்தம் பேட்மேனின் கருவிகளிலும் வாகனத்திலும் இல்லை, பணக்கணக்கில் இருக்கிறது. படத்தின் வில்லனான ரிட்லர் ஒரு கணக்காளர். பேட்மேன் முகமூடிக்குப் பின்னால் இருக்கும் பணக்காரன் புரூஸ் வெயினின் தந்தை ஏழைகளுக்கென்று அறிவித்த பெருநிதி, அவர் கொல்லப்பட்ட பிறகு கேட்பாரற்றுப் போக, அதைக் கொள்ளைக் கூட்டமும் அதிகாரிகளும் சேர்ந்து பங்கு போட்டுக்கொண்டதை அவன் கணக்கேடுகள் வழியாகத்தான் கண்டுபிடிக்கிறான். பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் அநாதையானபோது ஊரே அழுதது, குளிரில் நடுங்கிய அநாதை விடுதிப் பிள்ளைகளுக்காக யார் அழுதார்கள் என்று அவன் கேட்கும் கேள்விக்குப் படத்தில் யாரிடமும் பதில் இல்லை. ரிட்லராக வரும் பால் டானோவின் உரத்த நடிப்பு சிலருக்கு உறுத்துகிறது; எனக்கு அந்தக் குரலில் பல வருட அவமானம் கேட்டது.

நான் ஏற்கும் குறை நாயகனைப் பற்றியது. முகமூடி அணியாத புரூஸ் வெயின் என்ற மனிதன் இப்படத்தில் மிகக் குறைவாகவே வருகிறான். அவனாக நடிக்கும் ராபர்ட் பேட்டின்சன் கண்களாலேயே நிறையச் சொல்லிவிடுகிறார் என்றாலும், மருத்துவமனையில், தன்னை வளர்த்த பணியாளர் ஆல்ஃபிரட்டின் பக்கத்தில் அவன் உடைந்துபோகும் காட்சியைப் போல இன்னும் இரண்டு இருந்திருந்தால், அவனை வெறும் சிடுமூஞ்சி என்று ஒதுக்கியவர்களும் மனம் மாறியிருக்கக்கூடும்.

கடும் சர்ச்சைக்குள்ளானது கடைசிப் பகுதி. ரிட்லர் பிடிபடுவதோடு படத்தை முடித்திருக்கலாம், அதன் பிறகு நகரை மூழ்கடிக்கும் வெள்ளமும் அரங்கத் துப்பாக்கிச் சண்டையும் வேறொரு படத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை என்று விவரமறிந்த பார்வையாளர்களே சொல்கிறார்கள். இங்கே நான் உறுதியாக மாறுபடுகிறேன். தொடக்கத்தில், ரயில் நிலையத்தில் ஒரு கும்பலை அடித்துத் துவைக்கும் பேட்மேன், தன்னைப் பழிவாங்கல் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறான். அவன் காப்பாற்றிய மனிதரும் தன்னை அடித்துவிடாதே என்று அவனிடமே கெஞ்சுகிறார். இறுதியில், அப்பாவி மக்களைச் சுட வந்த ரிட்லரின் ஆள் ஒருவனை யார் நீ என்று கேட்கும்போது, அவன் வாயிலிருந்தும் அதே சொல் வருகிறது. அதன் பிறகுதான் பேட்மேன் தண்ணீரில் குதித்து, சிவப்புத் தீவட்டி ஒன்றை ஏற்றி, இடிபாடுகளுக்கு அடியில் சிக்கியவர்களை நோக்கிக் கையை நீட்டுகிறான். எல்லோரும் தயங்க, கொலையுண்ட மேயரின் சிறுவயது மகன் முதலில் அந்தக் கையைப் பற்றுகிறான். இந்த அரை மணி நேரத்தை வெட்டியிருந்தால், முன்னால் வந்த இரண்டரை மணி நேரமும் அடிதடியைப் புகழ்ந்த படமாகவே மிஞ்சியிருக்கும்.

நீளத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால், ஆர்க்கம் என்ற மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்ட ரிட்லரோடு பேசும் முகம் தெரியாத கைதியின் காட்சியைத் தயங்காமல் நீக்கலாம். அடுத்த படத்துக்கு ஆள் சேர்ப்பதைத் தவிர அதற்கு இங்கே வேலை இல்லை. அதற்குச் சற்று முன்னால், விடிந்த வெளிச்சத்தில், தூக்குப் படுக்கையில் கிடத்தப்பட்ட ஒரு பெண் பேட்மேனின் கையை விட மறுக்கிறாள். ரயில் நிலையத்தில் கெஞ்சிய மனிதரை மறக்காதவர்களுக்கு, படம் அங்கேயே நிறைவடைந்துவிடுகிறது.