கடைவாய்ப் பல்: பிடுங்குவதா, ரூட் கெனால் செய்வதா?

ராத்திரி படுத்ததும் பல் விண்விண்ணென்று தெறிக்கும். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. "பிடுங்கிப் போட்டுடுங்க டாக்டர்" என்றுதான் அப்போது வாயில் வரும். பத்து வருஷத்துக்கு முன்னால் என் அம்மா அப்படித்தான் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு வந்தார். ஒரே நாளில் வேலை முடிந்தது, செலவும் குறைவு. போன வருஷம் எனக்கும் அதே பல். நான் ரூட் கெனால் செய்துகொண்டேன், அதாவது பல்லை எடுக்காமல் உள்ளே கெட்டுப்போன நரம்பை மட்டும் எடுத்துச் சுத்தம் செய்து அடைத்துக்கொண்டேன்.

சொத்தை உள்ளே நரம்புவரை எட்டாவிட்டால் இந்தக் கேள்வியே இல்லை, அடைத்தாலே போதும். குளிர்ந்த தண்ணீர் பட்டுக் கூசி, உடனே நின்றுவிட்டால் பெரும்பாலும் அந்த நிலைதான். கூச்சம் நிமிஷக் கணக்கில் நீடித்தாலோ, எதுவும் படாமல் தானாக வலித்தாலோ நரம்பு தேறுவது கடினம். வலி திடீரென்று நின்றால் குணமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நரம்பு செத்து, வேர் நுனியில் சீழ் சேர ஆரம்பித்திருக்கலாம்.

ரூட் கெனாலில் பயந்த அளவு வலி இல்லை. மரத்துப்போக ஊசி போட்டபின் வாயைத் திறந்தே வைத்திருப்பதுதான் சிரமம். நடுவில் எடுத்த எக்ஸ்ரேயில், இரண்டு வேர்களுக்குள் தலைமுடி போல மூன்று கோடுகள் தெரிந்தன. நரம்பு ஓடும் கால்வாய்களைச் சுத்தம் செய்ய உள்ளே விட்ட ஊசி போன்ற ஃபைல்கள் அவை. நான்காவது கால்வாய் இருக்கிறதா என்று டாக்டர் வெகுநேரம் தேடினார். ஒன்று விட்டுப்போனாலும் பின்னால் மறுபடி சீழ் பிடிக்கலாம். கிருமியைக் கொல்ல ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவும்போது நீச்சல் குளத்து வாடை வந்தது. அப்புறம் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் மாதிரிப் பொருளை வைத்து அடைத்தார்கள், அதுவும் ஒரு மரத்துப் பால்தான்.

வலி போனதும் பலர், பல்லின் மேல் உறை மாதிரி மாட்டும் கேப்பைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். உள்ளே குடைந்த கடைவாய்ப் பல் முறுக்கைக் கடிக்கும்போது பிளந்தால், செய்த செலவெல்லாம் வீண். கேப்பையும் சேர்த்தே விலை கேளுங்கள்.

பிடுங்குவதன் செலவு பிற்பாடுதான் தெரியும். அம்மாவுக்குப் பின்பல் அந்த இடைவெளிக்குள் சாய்ந்துவிட்டது, மேல்பல் இறங்கிவிட்டது. தினமும் அந்த இடுக்கில் கீரை மாட்டிக்கொள்கிறது. பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்லான பிரிட்ஜ் கட்ட வேண்டுமென்றால் அந்த நல்ல பற்களைச் சீவ வேண்டும், எனக்கு அதற்கு மனசே வராது. தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் வைக்கும் இம்ப்ளான்ட் நல்ல வழி. ஆனால் டைட்டானியம் திருகு எலும்போடு பிடிக்கச் சில மாதங்கள் ஆகும். பொதுவாக ரூட் கெனால், கேப் இரண்டையும் சேர்த்ததைவிடச் செலவும் அதிகம். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் அது சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

வேரில் நெடுக்காக விரிசல் விட்ட பல், எலும்பு கரைந்து நன்றாக ஆடும் பல், இடமில்லாமல் முளைத்துச் சொத்தையான ஞானப்பல் இவற்றையெல்லாம் எடுப்பதுதான் சரி. மற்றபடி நிற்கிற பல்லைக் காப்பாற்றத்தான் நான் சொல்வேன்.

தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலடித்து, விழுங்கவோ வாயைத் திறக்கவோ முடியாமல் போனால் மட்டும் எதைச் செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.