லேசரை மோதவிட்டு காமாக் கதிர்: பைத்தானா, கெயினா, ஜியன்ட்-4ஆ?

“ஏனுங்க சார், நேரா ஜியன்ட்-4லயே ஓட்டிரலாமுங்களா?” போன வாரம் பெருந்துறைப் பக்கத்து எம்.எஸ்சி. பையன் கேட்டான். துகள்கள் பொருளுக்குள் போய் என்ன ஆகும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்தான் ஜியன்ட்-4. எலக்ட்ரான் கற்றை மேல் லேசரை மோதவிட்டு காமாக் கதிர் எடுப்பதுதான் அவன் ப்ராஜெக்ட். எலக்ட்ரான்கள் சுற்றும் நிஜ வளையம் பார்க்க இந்தூருக்குப் போகணும்; கோயமுத்தூரில் நமக்கு வாய்த்தது லேப்டாப்தான்.

நேராக ஓட்ட முடியாது. ஜியன்ட்-4இல் இருக்கும் காம்ப்டன் சிதறல் (ஒளித்துகளான ஃபோட்டான் எலக்ட்ரானில் மோதித் தெறிப்பது), பொருளுக்குள் இருக்கும் எலக்ட்ரான் மேல் காமா வந்து மோதுவதற்கானது. நம் கதை தலைகீழ்: அவினாசி ரோட்டில் எதிரே பறந்து வரும் லாரி மேல் பந்தை எறிவது. 1 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரானில் 1064 நானோமீட்டர் லேசர் நேருக்கு நேர் பட்டால், 1.17 எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான் அதிகபட்சம் 17.5 மெகா எலக்ட்ரான்வோல்ட்டாகத் (சுருக்கமாக மெகா) திரும்பும். அந்தக் கணக்கை நாமே எழுதித்தான் ஊட்டணும்.

பைத்தானில் அது நூறு வரி. எலக்ட்ரானின் ஆற்றலையும் கோணத்தையும் குலுக்கிப்போட்டு, அந்த எலக்ட்ரான் நிற்பதாகத் தெரியும் ஓய்வுச் சட்டகத்துக்குக் கணக்கை மாற்றி, எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்று சொல்லும் க்ளைன்-நிஷினா சூத்திரப்படி சிதறவிட்டு, ஆய்வகச் சட்டகத்துக்குத் திரும்பணும். மெமரி மிச்சம் பிடிக்கிறேனென்று நான் ஒருதரம் எண்களைத் துல்லியம் குறைந்த 32 பிட்டில் வைத்து ஓட்டினேன். உச்சம் 19 மெகாவைத் தாண்டிவிட்டது. இரண்டு நாள் சூத்திரத்தையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், எலக்ட்ரான் வேகத்தில் ஒளியைவிடப் பின்தங்குவது ஒரு கோடியில் 1.3 பங்கு, 32 பிட் அதை 1.2 என்று மழுக்கியிருந்தது. 64 பிட்டுக்கு மாற்றியதும் சரியாயிற்று. ஆயத்த மென்பொருளில் இந்த மாதிரித் தப்பு எங்கே என்று தேடக்கூட வழி தெரிந்திருக்காது.

கெயின் ஜப்பானின் கேஇகே ஆய்வகத்தில் பிறந்த ஃபோர்ட்ரான் நிரல். லேசர்த் துடிப்பும் எலக்ட்ரான் கொத்தும் கொஞ்சம் விலகி மோதினால் எவ்வளவு ஃபோட்டான் குறையும், துருவமுனைப்பு (ஒளி அலை அதிரும் திசை) எப்படி மாறும் என்பதெல்லாம் அதில் வரும். ஆனால் மோதல் புள்ளியோடு அதன் வேலை முடிந்தது.

அதற்கப்புறம்தான் ஜியன்ட்-4. பத்து மீட்டர் தள்ளி ஈயத்தில் 1 மில்லிமீட்டர் ஆரத் துளை வைத்தால், நடுவுக்கும் விளிம்புக்கும் ஆற்றல் சுமார் 4% வித்தியாசப்படும். இதுவரை பைத்தானே சொல்லிவிடும். ஆனால் ஈயம் கறாரான சுவர் இல்லை. விளிம்பில் பட்டது சிதறும், எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடி பிறக்கும். டிடெக்டரில் உச்சத்துக்குக் கீழே 0.511 மெகா இடைவெளியில் தப்பிப்பு உச்சங்களும் (பாசிட்ரான் அழியும்போது பிறந்த காமா வெளியே ஓடிவிடுவதால் வருபவை) நீண்ட வாலும் தெரியும். அதைக் கையால் எழுத உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

பையன் இப்போது பைத்தான் தந்த ஃபோட்டான் பட்டியலை ஜியன்ட்-4க்கு ஊட்டிக்கொண்டிருக்கிறான். கைடு துருவமுனைப்பு கேட்டால் கெயின் பக்கம் போகட்டும்.