"கிட்னி நார்மல்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்

தொண்டை வலியும் காய்ச்சலும் வந்த மறுநாள் எனக்குச் சிறுநீர் கோலா நிறத்தில் போனது. வழக்கமாகப் போகும் கிளினிக்கில் சொன்னேன். "தண்ணீர் நிறையக் குடிங்க, சரியாகிடும்" என்றார் மருத்துவர். நாலு நாளில் நிறம் தெளிந்தது, நானும் நம்பிவிட்டேன்.

அப்புறம் காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீக்கம். சிறுநீரில் நுரை, அதுவும் லேசில் அடங்காத நுரை. மறுபடி போனேன். பிரஷர் 160/100 இருந்தது, டென்ஷன் என்றார். இரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு, 1.1 என்று வந்ததும் "கிட்னி நார்மல்" என்று முடித்துவிட்டு, இடுப்பு வலிக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் மூன்று தடவை போயிருக்கிறேன். ஒரு தடவைகூடச் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

வேறொரு மருத்துவர் முதலில் கேட்டதே சிறுநீர்ப் பரிசோதனையைத்தான். சிவப்பணுக்கள் ஏராளம், புரதம் மூன்று பிளஸ், அதாவது மிக அதிகம். 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்ததில் புரதம் 2.8 கிராம், 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது. சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்து, ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் என்றார்கள்.

அவர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள், ஒவ்வொன்றும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சு. உடம்பு கிருமியை எதிர்க்கச் சுரக்கும் ஐ.ஜி.ஏ. என்ற புரதம் அங்கே போய்ப் படிந்து அழற்சியைக் கிளப்புகிறது. வடிகட்டியின் சுவர் ஒழுகுகிறது. சிவப்பணு கசிந்தால் நிறம் மாறும், புரதம் கசிந்தால் நுரைக்கும். அழற்சி நீடித்தால் வடிகட்டி தழும்பாகிவிடும், தழும்பானது திரும்பாது. மிச்சமுள்ளவை சேர்த்து உழைப்பதால், பாதிக்குப் பாதி போகும்வரைகூடக் கிரியாட்டினின் ஏறாமல் இருக்கலாம். நான் விழுங்கிய வலி மாத்திரையோ அந்த வடிகட்டிகளுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கக்கூடியது.

இப்போது பிரஷரையும் புரதக் கசிவையும் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். புரதம் 0.9 கிராமுக்கு இறங்கியிருக்கிறது. பயாப்ஸியில் தெரிந்த 20 வடிகட்டிகளில் 5 ஏற்கெனவே தழும்பு.

நிறம் மாறினாலோ, நுரை அடங்காமல் இருந்தாலோ, முகம் வீங்கினாலோ, "சிறுநீரில் புரதமும் சிவப்பணுவும் பார்த்தீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். குழந்தைகளுக்குத் தொண்டைப் புண் ஆறி ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துக்கூட இப்படி வரலாம். அப்போது பழைய தொண்டை வலியையும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.