மிஸ்டர் லிங்கன் ரோஜா: செட்டிநாட்டு வெயிலுக்குத் தாங்குமா?

ரோஜா வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் மிஸ்டர் லிங்கன் பேச்சு வராமல் இருக்காது. பேச்சு வந்தால் சண்டையும் வரும். ‘சிவப்பில் வாசனை என்றால் இதுதான், மற்றதெல்லாம் காகிதப் பூ’ என்பது ஒரு கட்சி. ‘கொக்கு மாதிரி ஆறடி நிற்கும், உச்சியில் ஒரே ஒரு பூ, கீழே மொட்டைக் குச்சி’ என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வைக்கலாமா என்றால், தைப் பூவுக்காகத் தாராளமாக வைக்கலாம். சித்திரைப் பூவைப் பார்த்துவிட்டுச் செடியைத் திட்டுவதுதான் தப்பு.

ஸ்விம், வீக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1964இல் வெளிவந்த ஹைப்ரிட் டீ ரகம் (நீண்ட காம்பில் ஒற்றைப் பெரிய பூ விடும் கலப்பின ரோஜா) இது. 1965இல் அகில அமெரிக்க ரோஜாத் தேர்வில் பரிசு வாங்கியது. கிரைஸ்லர் இம்பீரியல், சார்ல்ஸ் மாலரின் என்ற இரண்டு ரோஜா ரகங்களையும் கலந்ததில் பிறந்தது. பாப்பா மெய்லாந்தும் ஓக்லஹோமாவும் இதே தாய் தகப்பனுக்குப் பிறந்த உடன்பிறப்புகள். நிறத்தில் பாப்பா மெய்லாந்தை அடிக்க ஆளில்லை, ஆனால் சாம்பல் நோய்க்கு முதலில் படுப்பதும் அதுதான். மூன்றில் தெம்பானது லிங்கன்.

முதல் புகார் நிறம். தையில் ஐந்து அங்குல அகலம், முப்பது இதழுக்கு மேல், வெல்வெட் சிவப்பு. அதே செடி சித்திரையில் மூன்று அங்குலப் பூவை விட்டு, மதியத்துக்குள் ஊதா கலந்த செம்பருத்தி நிறத்துக்குப் போய்விடும். இதழ் முதிர முதிர அதன் சாற்றில் புளிப்புத்தன்மை குறைந்து சிவப்பு நீலம் பாய்கிறது. வெயில் அதை விரட்டி முடுக்குகிறது. இதற்கு உரமும் இல்லை, மருந்தும் இல்லை. பங்குனி முதல் ஆனி வரை மொட்டுகளை மிளகு அளவிலேயே கிள்ளிவிட்டால் செடியின் பலமாவது மிஞ்சும்.

இரண்டாவது, நெட்டை. இதில் பாதிக் குற்றம் கத்தரிக்கோல் பிடிப்பவர்களுடையது. லிங்கனின் கிளைகள் இயல்பாகவே நேராக மேலே போகும், உள்பார்த்த கணுவுக்கு மேல் வெட்டினால் இன்னும் மோசம். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். நான்கைந்து நல்ல கிளைகளை இரண்டரை அடி உயரத்தில் நிறுத்தினால் போதும். ஓரடிக்கு மொட்டையடிப்பது குளிர்நாட்டுப் பழக்கம். இங்கே அப்படிச் செய்தால் தண்டு வெயிலில் வெந்து நுனிக்கருகல் இறங்கும். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சண மருந்தைக் குழைத்துத் தடவுவதை விடக்கூடாது. இன்னொரு வழி, நீண்ட கிளையை வெட்டாமல் படுக்கையாக வளைத்துக் கட்டுவது. கணுவுக்குக் கணு துளிர்த்துப் பூக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும், ஒரே நாளில் மடக்கினால் முறியும்.

கவாத்துக்கு எந்த மாதம் என்பதில் ஒற்றுமையே கிடையாது. புரட்டாசியில் வெட்டுகிறவர்கள் உண்டு. வெட்டியதிலிருந்து பூவுக்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பது நாள் ஆகும் என்பதால் மொட்டு அடைமழையில் மாட்டிக்கொண்டு, திறக்காமலே அழுகும். கார்த்திகை பத்தாம் தேதி வாக்கில், மழை விட்ட இரண்டு நாள் பார்த்து வெட்டினால் பொங்கலுக்குப் பூ நிற்கும். இந்தக் கணக்குத்தான் இந்தச் சீமைக்குப் பொருந்துகிறது. வெட்டியவுடன் செடிக்குப் பத்து கிலோ மக்கிய தொழுவுரம். பிறகு தழை, மணி, சாம்பல் சத்து 6:12:12 கிராம்.

‘ரெண்டு வருசத்தில் லிங்கன் பன்னீர் ரோஜாவாக மாறிவிட்டது’ என்ற புகார் அடிக்கடி வரும். எந்த ரோஜாவும் மாறாது. ஒட்டுக்குக் கீழே எட்வர்ட் ரோஸ் அடிச்செடி துளிர்த்து, மேலே இருந்த லிங்கனை அமுக்கியிருக்கும். எட்வர்ட் என்பதுதான் நம் பன்னீர் ரோஜா. அந்தப் போத்தை வெட்டக் கூடாது, மண்ணை விலக்கி, அது கிளம்பும் அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். அதற்காகத்தான் நடும்போதே ஒட்டு முடிச்சு மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே இருக்க வேண்டும் என்பது. வாங்கும்போதும் கவனம் தேவை. வாசனையே இல்லாத டச் ரோஸை லிங்கன் என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. பூவோடு இருக்கும் செடியை முகர்ந்து பார்த்து வாங்குவதே நல்லது.

இடம்: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, அதே ஆழம். சரளையைச் சலித்தெடுத்துவிட்டுச் செம்மண்ணோடு தொழுவுரம், இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஒரு மணி வரை வெயில், அதற்குப் பிறகு சுவர் நிழல் விழும் கிழக்குப் பக்கம் அமைந்தால் அதிர்ஷ்டம். மேற்குப் பார்த்த சுண்ணாம்புச் சுவரடி வேண்டவே வேண்டாம், இரவு வரை சூடு அடிக்கும். தொட்டி என்றால் பதினான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதிலும் தரையில் வளர்வதில் பாதிதான் வளரும். கடலைத்தொலி மூடாக்கு மலிவு, ஆனால் செம்மண்ணில் கரையான் ஏறும். வேப்பம்புண்ணாக்குத் தூள் கலந்தே போட வேண்டும்.

போர்த் தண்ணீர் கடினமாக இருக்கும் வீடுகளில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச் சத்துக் குறைவு. லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), ஒரு கிராம் சிட்ரிக் அமிலம், மாலையில் இலைமேல் தெளிப்பு. முற்றத்தில் விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடிக்கிற வீடு என்றால் அதையே ரோஜாவுக்கும் ஊற்றலாம். ஐப்பசியில் கரும்புள்ளிக்கு கார்பெண்டசிம் ஒரு கிராம், மார்கழிப் பனியில் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் இரண்டு கிராம், இரண்டும் லிட்டருக்கு. கந்தகத்தைக் கோடையில் தொட்டால் இலை பொசுங்கும்.

தலையில் வைக்கப் பூ வேண்டும் என்பவர்களுக்கு இது லாயக்கில்லை. கனம் அதிகம், இதழும் சீக்கிரம் உதிரும். சரத்துக்குப் பன்னீர் ரோஜாவே மேல். லிங்கன் செம்பில் ஒற்றையாக நிற்க வேண்டிய பூ. வெளி இதழ் இரண்டு தளர்ந்த பிறகு, விடியலில் வெயில் ஏறுமுன் நறுக்க வேண்டும். இறுகிய மொட்டாக நறுக்கினால் திறக்காமலே கழுத்து தொங்கும். கீழே இரண்டு ஐந்திலைக் கொத்தையாவது செடியில் விட்டு நறுக்கினால் அடுத்த பூ அங்கிருந்து வரும். செம்பில் மூன்று நாள் தாங்கும்.